மஞ்சள் கேனும் வெள்ளை நாற்காலியும்

கானா நாட்டுத் தலைநகர் அக்ராவின் கடலோரத்தில் லபாடி என்று ஒரு பழைய குடியிருப்பு. அங்கே சில சந்துகளில் மண்தரையே தெரியாதபடி மஞ்சள் விரிப்பு கிடந்த காலம் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் நெல் காயப்போட்ட களம் மாதிரி இருக்கும். கிட்டே போனால் பிளாஸ்டிக். சமையல் எண்ணெய் வந்த கேன்களைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று முடிந்திருக்கிறார்கள். மஞ்சளிலும் பல மஞ்சள். வெயில் பார்த்த துண்டு எலுமிச்சைத் தோலாய் வெளுத்திருக்கும். நிழலில் கிடந்தது கிழங்கு மஞ்சளை உரசிய நிறத்திலேயே இருக்கும். ஒரு சதுரத்தில் கேனின் பக்கவாட்டு வரிமேடு, இன்னொன்றில் கைப்பிடி கிளம்பிய இடத்தின் வளைவு.

இதைச் செய்தவர் செர்ஜ் அட்டுக்வெய் க்ளாட்டி. 1985-இல் அதே அக்ராவில் பிறந்தவர். தன் வேலைக்கு அவரே ‘ஆஃப்ரோகேலனிசம்’ என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பெயருக்குள் இருக்கும் ‘கேலன்’தான் விஷயமே.

கானாக்காரர்கள் இந்த மஞ்சள் கேனை ‘குஃபோர் கேலன்’ என்பார்கள். ஜான் குஃபோர் 2001 முதல் 2009 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். அவர் ஆட்சியில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. வெளிநாட்டிலிருந்து எண்ணெய் சுமந்து வந்த கேன், எண்ணெய் தீர்ந்ததும் தண்ணீர்ப் பாத்திரம் ஆனது. தலையிலும் தள்ளுவண்டியிலும் ஊர் முழுக்க மஞ்சள் கேன். யார் காலத்தில் தட்டுப்பாடு வந்ததோ அவர் பெயரையே ஜனங்கள் பாத்திரத்துக்குச் சூட்டிவிட்டார்கள். நிறம் நிறமாய்க் குடங்களை வரிசையில் போட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த 2019-ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் அந்தக் குடத்தின்மேல் எந்த ஆட்சியாளர் பெயரும் ஒட்டிக்கொள்ளாமல் போனது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

கேனின் பூர்வீகம் இன்னும் பின்னால் போகிறது. 20 லிட்டர் பிடிக்கும் இந்த வடிவத்தின் மூதாதை, 1930-களின் பிற்பாதியில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான எரிபொருள் தகரக் கேன். மேலே மூன்று கைப்பிடிகள்: ஒருவர் தூக்க நடுப்பிடி, இருவர் தூக்க ஓரப்பிடிகள். வட ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் அதைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கள் கேனைவிட இது ஒழுகாமல் இருப்பதைக் கண்டு அப்படியே நகலெடுத்தார்கள். ஜெர்மானியரைக் குறிக்கும் கேலிப்பெயர் ‘ஜெரி’, ஆகவே ஜெரிகேன். போருக்குப் பின் தகரம் பிளாஸ்டிக்காயிற்று, பெட்ரோல் போய் எண்ணெயும் தண்ணீரும் வந்தன.

க்ளாட்டியின் விரிப்பு இவ்வளவையும் சுமந்துகொண்டு லபாடிச் சந்துகளில் கிடந்தது. அதற்கு ‘மஞ்சள் செங்கல் சாலை’ என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேன் பொறுக்கிக் கொடுத்தார்கள், உள்ளூர் இளைஞர்கள் வெட்டித் துளைத்துக் கோத்தார்கள். அதற்குக் கூலியும் உண்டு. அவருடைய முன்னோர் அக்ராவின் இன்னொரு பகுதியிலிருந்து கடலோரமாக இடம்பெயர்ந்து லபாடிக்கு வந்தவர்கள். இந்த மண் யாருக்குச் சொந்தம் என்பது அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப் பிரச்சினை. வேலி போட முடியாத இடத்தில் விரிப்பு போட்டார் என்றும் இதைப் படிக்கலாம். செம்புக் கம்பியால் கோக்கும் முறையைப் பார்க்கிறவர்களுக்கு எல் அனாட்சுயி நினைவுக்கு வருவார். கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்த அவர், சாராய பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கிக் கோத்துச் சுவர் அளவுத் திரைகள் செய்தவர். 2015-இல் வெனிஸ் பியென்னாலே கலைக் கண்காட்சியின் வாழ்நாள் சாதனை விருது பெற்றவர். அனாட்சுயியின் மூடிகள் பொன்னாடை மாதிரி மின்னும். க்ளாட்டியின் கேன் கடைசிவரை கேனாகவே இருக்கிறது. அந்தப் பிடிவாதம்தான் இந்தக் கட்டுரையின் அக்கறை.

2021-இல் அதே மஞ்சள் சதுரங்கள் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸுக்குப் போயின. டெசர்ட் எக்ஸ் என்ற பாலைவனக் கலைக் கண்காட்சியில் ‘விருப்பக் கிணறு’ என்ற பெயரில் பெரிய மஞ்சள் கனசதுரங்களாக நின்றன. பாலைவனத்தில் கால்ஃப் மைதானமும் நீச்சல் குளமும் வைத்திருக்கும் பள்ளத்தாக்கு அது. தண்ணீரைப் பற்றிப் பேசப் பொருத்தமான இடம்தான். ஆனாலும் லபாடியில் அந்த விரிப்பின்மேல் நடந்தவர் தன் வீட்டுக் கேனின்மேல் நடந்தார். பாம் ஸ்பிரிங்ஸில் கார் நிறுத்தி இறங்கியவருக்கு முதலில் ஒரு விளக்கப் பலகை தேவைப்பட்டது.

பொது இடங்களில் பிளாஸ்டிக்கை வைத்துச் செய்யப்படும் நிறுவல் கலைகளில் பெரும்பாலானவை அந்த விளக்கப் பலகையை நம்பித்தான் நிற்கின்றன. பலகையில் தவறாமல் ஓர் எண் இருக்கும். இத்தனை ஆயிரம் பாட்டில், இத்தனை லட்சம் ஸ்ட்ரா, இத்தனை டன். மறுநாள் பத்திரிகைத் தலைப்புக்கு அதைவிட வசதியானது வேறில்லை.

2019 ஜனவரியில் ஹோ சி மின் நகரத்தின் வணிக வளாகம் ஒன்றில் பெஞ்சமின் வான் வாங் என்ற கனடாக் கலைஞர், பிளந்து எழும் கடல் அலையை ஸ்ட்ராக்களால் எழுப்பினார். ஏறக்குறைய 1,68,000 ஸ்ட்ரா. எல்லாம் வியட்நாமில் குடித்துப் போட்டவை. தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் சேர்த்து, கழுவி, நிறவாரியாகப் பிரித்தார்கள். கின்னஸ் புத்தகத்திலும் இடம் கிடைத்தது. அதே ஆண்டு சிங்கப்பூரின் மரினா பேரேஜில் 18,000 பிளாஸ்டிக் தம்ளர்களால் ஒரு குகை. அந்நகரத்தின் உணவுக்கூடங்களிலிருந்து ஒன்றரை நாளில் சேர்ந்த தம்ளர்கள் அவை என்றார்கள். படத்தில் இரண்டும் பிரமாதமாக இருக்கும். வான் வாங் அடிப்படையில் புகைப்படக்காரர். கேமராவுக்கு எது தெரியும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அலைக்குள் போன ஸ்ட்ரா இனி ஸ்ட்ரா இல்லை. அது நீல நிறம், அவ்வளவே. எந்த இளநீர்க் கடையில், எந்த வாய் அதைக் கடித்தது என்பதெல்லாம் கழுவும்போதே போய்விட்டது.

எண்ணையே குறை சொல்வதற்கில்லை. எண் எதையாவது அளந்தால் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. சிங்கப்பூர்க் குகையில் 18,000-ஐவிட அந்த ஒன்றரை நாள்தான் சுருக்கென்று குத்துகிறது. 2013-இல் நியூயார்க்கின் கவர்னர்ஸ் தீவில் ஸ்டுடியோ கேசிஏ என்ற கட்டடக்கலைக் குழு, உள்ளே நுழைந்து நடக்கக்கூடிய ஒரு மேகத்தைக் கட்டியது. பால் கேன்களும் தண்ணீர் பாட்டில்களுமாக மொத்தம் 53,780. அந்த விநோதமான எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? நியூயார்க் நகரம் ஒரு மணி நேரத்தில் தூக்கியெறியும் பாட்டில் அவ்வளவு என்பது அவர்கள் கணக்கு. மேகத்துக்குள் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறவர் தலைக்குமேல் இன்னொரு மேகம் சேர்ந்துகொண்டிருப்பதை உணர முடியும்.

மாட்ரிட் நகரத்து லூஸின்டெரப்டுஸ் குழுவினர் வேறு வழியில் போனார்கள். 2008 முதல் பெயர் வெளியிடாமல் இரவில் தெருக்களில் விளக்கொளிக் கலை செய்கிறவர்கள். 2017-இல், மாட்ரிட்டின் நடுச்சதுக்கமான பிளாசா மயோர் 400 ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது, அங்கே 15,000 பாட்டில்களைப் பைகளில் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே விளக்கேற்றி, ஒரு புதிர்ப்பாதை அமைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் திருவிழாத் தோரணம். உள்ளே போனால் குறுகிய சந்து, பாட்டில் சுவர், வெளியே எதுவும் தெரியாது, வழியும் சட்டென்று கிடைக்காது. அழகு பார்க்க வந்தவருக்கு மூச்சு முட்டட்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள். அங்கே எண்ணிக்கை உடம்புக்குப் புரிகிறது.

இந்த மரபுக்கு முன்னோடிகளில் ஒருவர் டோனி கிராக். 1949-இல் லிவர்பூலில் பிறந்தவர். கலைப் பள்ளிக்குப் போகுமுன் இயற்கை ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்தவர் என்பதால் மூலக்கூறுகளோடு அவருக்குப் பழைய பரிச்சயம் உண்டு. 1981-இல் அவர் செய்த ‘வடக்கிலிருந்து பார்க்கும் பிரிட்டன்’ இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. கண்டெடுத்த பிளாஸ்டிக் துண்டுகளைச் சுவரில் பரப்பி வரைந்த பிரிட்டன் வரைபடம் அது. தீவு பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது, அதை ஓர் ஆள் நின்று பார்க்கிறான். அந்த ஆள் கிராக்தான். ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்து சில ஆண்டுகளில், வேலையின்மையிலும் தெருக் கலவரங்களிலும் தத்தளித்த தாய்நாட்டை அவர் பார்த்த கோணம் அது. நாடு உடைந்து கிடக்கிறது என்று சொல்ல உடைந்த பொருளையே எடுத்தார். அதை ஒட்டவைக்கவும் இல்லை, மெருகேற்றவும் இல்லை.

உடையாத பொருளை எடுத்து அதைவிடக் கூர்மையாகப் பேசிய இன்னொருவர் உண்டு. அதற்கு முன் நாற்காலியைப் பார்த்துவிட வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் இருப்பதும் அதுதான், சாவு வீட்டு வாசலில் பந்தலுக்கடியில் இருப்பதும் அதுதான். சுமார் இரண்டரைக் கிலோ எடை. ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கினால் ஆளுயரத்துக்கு நிற்கும். உட்கார்ந்தால் பின்கால் லேசாக விரியும். பருத்த மாமா உட்கார்ந்தால் பிள்ளைகள் இரண்டு நாற்காலியைச் சேர்த்து அடுக்கிக் கொடுப்பார்கள். வடிவமைப்பாளர்கள் இதை ‘மோனோபிளாக்’ என்பார்கள். இணைப்போ ஆணியோ இல்லாமல் ஒரே அச்சில், ஒரே வார்ப்பில் வருவது. பாலிபுரோப்பிலீனை உருக்கி அச்சுக்குள் செலுத்தினால் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு நாற்காலி. 1972-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி மாஸோனே அறிமுகப்படுத்திய நாற்காலியை இந்த வகையின் முக்கியமான முன்மாதிரியாகச் சொல்வார்கள். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. உலகம் முழுக்க அதன் பிள்ளைகள் பெருகிவிட்டன. ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரம், ஊர் அழகு கெடுகிறது என்று, 2008 முதல் சில ஆண்டுகள் பொது இடங்களில் இந்த நாற்காலிக்குத் தடையே போட்டது. அந்த நகரத்தின் எல்லைக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் விட்ரா வடிவமைப்பு அருங்காட்சியகம் 2017-இல் இதே நாற்காலிக்காகத் தனிக் கண்காட்சி நடத்தியது. டான் ஷெண்டார்ஃபர் என்ற அமெரிக்கப் பொறியாளரோ, இதே வெள்ளை நாற்காலிக்கு மிதிவண்டிச் சக்கரம் பூட்டி ஏழை நாடுகளுக்கு மலிவான சக்கர நாற்காலி அனுப்பத் தொடங்கினார். ஒரே பொருள், எத்தனை தீர்ப்புகள்!

முன்பு சொன்ன அந்த இன்னொருவர், கனடாக் கலைஞர் பிரையன் ஜங்கன், 2000-இல் இந்த நாற்காலிகளை வெட்டி ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைச் செய்தார். பெயர் ‘உருமாறி’. ஆறு மீட்டருக்குமேல் நீளம். 2002-இல் செய்த அடுத்தது பன்னிரண்டு மீட்டரைத் தாண்டியது. ‘மோபி டிக்’ நாவலில் திமிங்கலங்களை வகைபிரிக்கும் அத்தியாயத்தின் பெயரை அதற்கு வைத்தார். மூன்றாவது 2003-இல், ‘வியன்னா’. மூன்றும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொங்குவது போலவே கூரையிலிருந்து தொங்குபவை. முதல் பார்வைக்கு நிஜ எலும்பு. விலா, முதுகுத்தண்டு, தாடை எல்லாம் சரியான வளைவில் இருக்கின்றன. இரண்டாவது பார்வையில்தான் முதுகுச் சாய்வின் கீற்றுகளும் கைப்பிடியின் வளைவும் பிடிபடும். அதன் பிறகு எலும்பையும் நாற்காலியையும் கண் மாறி மாறித்தான் பார்க்கும், ஒன்றில் நிலைக்காது. ஜங்கன் வர்ணம் பூசி எதையும் மறைக்கவில்லை.

இதில் அவர் என்ன சொல்கிறார்? ஜங்கனின் தாய்வழி டேன்-ஸா என்ற கனடாப் பழங்குடி, தந்தைவழி ஸ்விஸ். டேன்-ஸா மக்கள் கடலைப் பார்க்காத உள்நாட்டு மக்கள். திமிங்கலம் அவர்கள் குலச் சின்னம் கிடையாது. ஆனால் வான்கூவருக்கு வரும் சுற்றுலாப் பயணிக்குப் பழங்குடி என்றாலே திமிங்கலம், குலச்சின்னக் கம்பம், முகமூடி. அருங்காட்சியகங்கள் திமிங்கல எலும்பையும் பழங்குடியின் கைவினையையும் ஒரே மாதிரிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தன: போய்விட்ட ஒன்றைக் காட்டுவது போல. ‘உங்களுக்கு உண்மையான பழங்குடிக் கலைதானே வேண்டும்? இந்தாருங்கள்’ என்று உலகத்திலேயே மிகப் பொதுவான பொருளை எடுத்து நீட்டுகிறார். இதற்கு முன் நைக்கி காலணிகளைப் பிரித்துத் தைத்து வடமேற்குக் கடற்கரைப் பழங்குடி முகமூடிகள் போலச் செய்தவரும் இவர்தான்; குறும்பு புதிதில்லை. இன்னொரு சங்கதியும் பொருளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் விளக்கெரிக்கத் திமிங்கலத்தைக் கொன்று எண்ணெய் எடுத்தார்கள். அந்த இடத்தைப் பிறகு பூமிக்கடியிலிருந்து வந்த மண்ணெண்ணெய் பிடித்தது. அதே பெட்ரோலியத்தின் வழிவந்தது பாலிபுரோப்பிலீன். எண்ணெய்க்காகக் கொன்ற விலங்கின் எலும்பை எண்ணெயிலிருந்து வார்த்த நாற்காலியால் திரும்பக் கட்டியிருக்கிறார். இந்த எலும்புக்கூட்டைப் பாட்டிலில் செய்திருந்தால் ‘கடலில் குப்பை’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடிந்திருக்கும். 2018-இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரக் கால்வாயில் எழும்பிய திமிங்கலம், பசிபிக் கடல் ஒதுக்கிய ஐந்து டன் பிளாஸ்டிக்கால் ஆனது. கண்ணைக் கவரும் வேலை, நேர்மையான வேலை. ஆனால் சொல்ல வந்ததை முதல் நிமிடத்திலேயே சொல்லி முடித்துவிட்டது.

கொரியாவின் சோய் ஜியோங்-ஹ்வாவுக்குக் குப்பை என்ற சொல்லே பொருந்தாது. 1961-இல் சோலில் பிறந்த அவர் எடுத்துக்கொண்டது, சந்தையில் அடுக்கி விற்கும் சிவப்புப் பச்சைப் பிளாஸ்டிக் கூடை. கொரிய வீடுகளில் கிம்ச்சிக்குக் கோசு கழுவி நீர் வடிய வைப்பது அதில்தான். ஒரு காலத்தில் மூங்கிலில் பின்னியது. நாடு தொழில்மயமான வேகத்தில் மூங்கில் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. நம் வீடுகளில் அரிசி கழுவும் மூங்கில் தட்டுக்கும் முறத்துக்கும் நேர்ந்ததை நினைத்துக்கொண்டால் போதும். 2013-இல் தேகு கலை அருங்காட்சியகத்தின் உயர்ந்த கூடத்தில் 5,376 கூடைகளைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் கோத்துத் தூண்களாகத் தொங்கவிட்டார். கூடையில் ஓட்டை உண்டு என்பதால் வெளிச்சம் தூணுக்குள்ளே இறங்கி வருகிறது. மலிவான பொருள், கோயில் தூண் மாதிரி நிற்கிறது. அவர் கூடைகளில் பெரும்பாலானவை புதியவை, கடையில் வாங்கியவை. சூழலியல் கண்ணோடு வருகிறவர்களுக்கு இது உறுத்தும். கழிவைக் குறைக்கச் சொல்லும் கலைக்குப் புதுப் பிளாஸ்டிக் எதற்கு? சோய் கழிவைக் குறைக்கச் சொல்லவில்லை என்பதே பதில். தன் தாய் தலைமுறை தொட்டுப் புழங்கிய பொருளை மரியாதையாக ஓர் உயரத்தில் வைக்கிறார். 2018-இல் சோலில் உள்ள தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியக முற்றத்தில் நிறுத்திய ‘சீமைக் காட்டுமுள்ளங்கிப்பூ’வுக்கு மக்களிடமே சமையல் பாத்திரங்களைக் கேட்டு வாங்கினார், சுமார் 7,000 சேர்ந்தன. ஒன்பது மீட்டர் உயரப் பூவில் தன் வீட்டு வாணலியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா என்பது வேறு விஷயம். தேடுவதற்கு ஒரு காரணம் இருந்தது.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தில் ஒரு சின்ன நூலகம் உண்டு. கலைப்படைப்பு என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. 2016-இல் ஷாவ் என்ற கட்டடக்கலை நிறுவனம் கட்டியது. சுவர் முழுக்க 2,000-க்கு மேற்பட்ட ஐஸ்கிரீம் டப்பாக்கள். முதலில் ஜெரிகேன் வைப்பதாகத்தான் யோசனை. மொத்தமாகக் கிடைக்கவில்லை, ஐஸ்கிரீம் டப்பா கிடைத்தது. வெப்ப நாடு, ஏசி கிடையாது. காற்று வரச் சில டப்பாக்களின் அடிப்பாகத்தை வெட்டியெடுத்தார்கள், மழை உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சாய்த்தார்கள். எதை வெட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. வெட்டியது பூஜ்யம், வெட்டாதது ஒன்று என்று வைத்துக்கொண்டு, கணினியின் இரும எண் முறையில் ஒரு வாக்கியத்தைச் சுவரைச் சுற்றி எழுதிவிட்டார்கள்: ‘புத்தகங்களே உலகத்தின் சன்னல்கள்’. வாசகம் தந்தவர் அப்போதைய மேயர் ரித்வான் காமில். கீழே விளையாடும் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அந்த வாக்கியத்தின் வழியாகத்தான் அவர்களுக்குக் காற்று வருகிறது.

கண்காட்சி முடிந்த மறுநாள் இவற்றுக்கெல்லாம் என்ன ஆகும்? தற்காலிகமாக நிற்பவை பிரிக்கப்படுகின்றன. பாட்டிலாக வந்தது பாட்டிலாகவே திரும்பினால் மறுசுழற்சிக்குப் போகலாம். பசை, வர்ணம், கம்பி, இரும்புச் சட்டம் என்று ஒட்டிக்கொண்டுவிட்டால் எந்தக் காயலான் கடைக்காரரும் தொட மாட்டார். பிளாஸ்டிக்குக்கு எதிரான கலை, மறுசுழற்சி ஆகாத பிளாஸ்டிக்காக முடிவது இந்தத் துறையின் தர்மசங்கடம். சில கலைஞர்கள் இப்போதெல்லாம் பிரிக்கும் திட்டத்தையும் சேர்த்தே வரைகிறார்கள்.

நிரந்தரமாக வைத்துக்கொள்ள நினைத்தால் தலைவலி வேறு மாதிரி. நூற்றாண்டுகள் ஆனாலும் பிளாஸ்டிக் மக்காது என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. அருங்காட்சியகப் பாதுகாவலரைக் கேட்டால் நாற்பது ஆண்டு தாங்கினால் அதிர்ஷ்டம் என்பார். இரண்டும் உண்மைதான். பிளாஸ்டிக் மறைவதில்லை, ஆனால் வடிவம் இழந்துவிடும். பாலிபுரோப்பிலீனை வெயிலில் போட்டால் புற ஊதாக் கதிர் பட்டு அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி அறுகிறது. மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, நுண்ணிய விரிசல் ஓடி, ஒரு நாள் உட்காரும்போது பட்டென்று கால் முறிகிறது. மொட்டைமாடியில் மூன்று கோடை கிடந்த நாற்காலி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பிவிசி வேறு விதம்: அதை மென்மையாக்கக் கலந்த எண்ணெய்ப்பொருள் மெல்லக் கசிந்து பிசுபிசுக்கும். நௌம் காபோ 1920-களில் செல்லுலோஸ் பிளாஸ்டிக்கில் செய்த சிற்பங்கள் சில கண்ணாடிப் பேழைக்குள் இருந்தபடியே முறுக்கி நொறுங்கிவிட்டன. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் சேர்ந்து 2008 முதல் 2012 வரை பிளாஸ்டிக் கலைப்பொருள் பாதுகாப்புக்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் நடத்தின.

2022 மார்ச் 2 அன்று நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை, பிளாஸ்டிக் மாசுக்கு எதிராகச் சட்டபூர்வ உடன்படிக்கை ஒன்றை உருவாக்கப் பேச்சு நடத்துவதென்று முடிவு செய்தபோது, வளாகத்தில் வான் வாங்கின் முப்பது அடிக் குழாய் ஒன்று அந்தரத்தில் நின்று பிளாஸ்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டிய பிளாஸ்டிக் அதே நகரத்துக் கிபேராக் குடிசைப் பகுதியில் பொறுக்கியது. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் அந்த உடன்படிக்கைப் பேச்சு நடந்த நாட்களில் சிற்பி ரோடானின் ‘சிந்தனையாளன்’ சிலையைப் போல ஓர் உருவத்தை அவர் சதுக்கத்தில் உட்கார வைத்து, அதைச் சுற்றி நாளுக்கு நாள் பிளாஸ்டிக்கை ஏற்றிக்கொண்டே போனார். பேச்சு உடன்பாடில்லாமல் கலைந்தது.

ஜங்கனின் ‘உருமாறி’ இப்போது ஒட்டாவாவில் கனடா தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் இருக்கிறது. வெப்பமும் ஈரமும் ஒளியும் அளந்து விடப்படும் இடம். கையுறை போட்டுத்தான் தொடுவார்கள். அதே காலத்தில் அதே பிளாஸ்டிக்கில் வார்த்த அதன் உடன்பிறப்புகள் எங்கெங்கோ வெயிலில் நின்று, எத்தனையோ பேரைச் சுமந்து, கால் முறிந்து, கிலோ என்ன விலை என்று கேட்கும் தராசில் ஏறிப் பல வருஷம் ஆகியிருக்கும்.